கூட்ஸ் வண்டிக்கு அசையாத ஆள்

ரயிலும் கப்பல் சரக்கும் கன்டெய்னர் லாரியுமாகச் சேர்ந்து தரையை ஆட்டிக்கொண்டே இருக்கும் வட சென்னையில், எதற்கும் ஆடாத ஒரே மனிதர் எங்கள் ஸ்டெடி அண்ணன்தான். இதை எந்த மேடையில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்வேன். இல்லை என்பவர்கள் கொருக்குப்பேட்டைக்குப் போய் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். துணைக்கு நான் வரமாட்டேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. தண்டையார்பேட்டையில், துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சி. மாடியில் உட்கார்ந்து பில் டைப் அடிப்பது என் வேலை. கீழே கிடங்கில் வருகிற மூட்டை, போகிற பெட்டி எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் சூப்பர்வைசர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். முதலாளியிலிருந்து லாரி கிளீனர் வரை எல்லாருக்கும் அவர் ஸ்டெடிதான். ஒல்லி உடம்பு, காதைத் தொடப் பார்க்கும் மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கிடங்குச் சரக்குக்காக வைத்திருக்கிறார் என்று முதலாளி நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அண்ணனின் பைத்தியம் வேறு. கை கால் மடங்கும்படி பிளாஸ்டிக்கில் வார்த்து, ஒரு லேசர் துப்பாக்கியும் கொடுத்து, அட்டையில் வைத்து அடைத்து விற்பார்களே, விண்வெளி வீரர்கள், அவர்கள்தான். அப்போது கேபிள் டிவியில் அயல் கிரகத்துப் படைகள் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சண்டைக்காரர்கள் எல்லாரும் பிளாஸ்டிக் உருவத்தில் கப்பலேறி வந்து பிளாட்பாரக் கடைகளில் இறங்குவார்கள். கூடவே அவர்களுடைய போலிகளும் இறங்கும். எது அசல், எது போலி, அசலிலேயே எது தேறும் என்று சொல்ல இந்தப் பக்கத்தில் ஒரே கோர்ட்டுதான் இருந்தது. அதன் நீதிபதி ஸ்டெடி அண்ணன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவர் மேசை மேல் ஒன்று நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "இந்த பொம்மை நல்லா இருக்குண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா சொன்ன?"

"பொம்மை..."

"கொயந்தைங்க தூங்க சொல்ல கட்டிப் புடிச்சிக்கும் பாரு, அத்துதான் பொம்ம. இவுரு கமாண்டர். ஒரு கிரகத்தையே காப்பாத்திகினு கீறாரு. மரியாதையா ஆளுன்னு சொல்லு மாமு."

அன்றிலிருந்து ஆள் என்றே சொல்லிப் பழகிக்கொண்டேன். இன்றைக்கும் கடைக்குப் போய், "அந்த ஆளைக் கொஞ்சம் எடுங்க" என்று கேட்டுக் கடைக்காரரை விழிக்கவைக்கிறேன்.

கோர்ட் கூடுவது ஞாயிற்றுக்கிழமை. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி அவருடைய அக்கா விஜயாவின் வீடு. மாடியில் ஒரே ஒரு அறை அண்ணனுக்கு. சுவரெல்லாம் பலகை, பலகையெல்லாம் ஆட்கள். வியாசர்பாடியிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் மாத்தூரிலிருந்தும்கூட, வாங்கின ஆளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் முகம்தான் எல்லாருக்கும்.

முதலில் மூக்கு. ஆளின் அக்குளில் மூக்கை வைத்து அண்ணன் ஒரு இழு இழுப்பார். மண்ணெண்ணெய் வாடை வந்தால் விசாரணை அதோடு முடிந்தது. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் கண்ணைப் பார்ப்பார். "ரெண்டு கண்ணும் ஒரே எதிரிய பாக்கணும் மாமு. இவன் பாரு, ஒரு கண்ணால எதிரிய பாக்குறான், இன்னொன்னால பஸ்ஸு வருதான்னு பாக்குறான்" என்பார். அடுத்தது முட்டி. காதோடு ஒட்டி வைத்து மெதுவாக மடக்குவார். டிக் என்று கேட்டால் முகம் மலரும். கிரீச் என்றால், "இவனுக்கு ரிடைர்மென்ட் குடு." சத்தமே வராமல் தொளதொளவென்று மடங்கினால் எதுவும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த மௌனம்தான் கொடுமை. சிலர் அழுதே இருக்கிறார்கள்.

இதெல்லாம் தேறினாலும் கடைசிப் பரீட்சை ஒன்று பாக்கி இருக்கும். ஜன்னல் ஓரத்தில் ஒரு மரப் பலகை. அதன் மேல் ஆளை ஒற்றைக் காலில் நிறுத்திவிட்டு, எல்லாரும் கூட்ஸ் வண்டி வருவதற்காகக் காத்திருப்போம். நிலக்கரியோ இரும்போ ஏற்றிய கூட்ஸ் அந்த ஜன்னலை ஒட்டிப் போகும்போது வீடே ஆடும். கீழே விஜயா அக்காவின் பாத்திரங்கள் ஆடும். காலண்டர் ஆடும். என் பல் ஆடும். அத்தனை ஆட்டத்துக்கும் நடுவே அந்த உள்ளங்கை உயர ஆள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்க வேண்டும். கடைசிப் பெட்டி போனதும் அண்ணன் குனிந்து பார்த்து, "ஸ்டெடி!" என்பார். அவ்வளவுதான், படிக்கட்டு வரை கைதட்டல் போகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். விளையாட்டுச் சாமானுக்கா என்று கேட்காதீர்கள். வந்து நின்று பார்த்திருந்தால் உங்களுக்கும் அதே கதிதான்.

எலெக்ட்ரிக் ட்ரெயினை அவர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "அது பூனை மாதிரி போவுது, அதுக்கு எவன் வேணா நிப்பான்." ஒரு மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று சில நாள் கூட்ஸே வரவில்லை. தீர்ப்புக் கிடைக்காத ஆட்கள் பலகையில் குவிந்துவிட்டார்கள். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மாடியில் குதிக்கிறோம், அதை வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினோம். அண்ணன் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "நீங்க குதிக்கிறது உங்க வெயிட்டு. கூட்ஸுன்றது ஊரோட வெயிட்டு. ரெண்டும் ஒண்ணாடா?" மழை விட்டு முதல் கூட்ஸ் வந்தபோது தெருவே கூடி நின்று வரவேற்றது. டிரைவர் ஒன்றும் புரியாமல் எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

ஆள் விஷயத்தில் அவர் வாயிலிருந்து பொய் வராது. யாருக்காகவும் வராது. வண்ணாரப்பேட்டையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பாய் ஒருவர், அண்ணனுக்கு நெருங்கிய தோஸ்து. புதிதாக ஒரு பெட்டி சரக்கு வந்திருக்கிறது, கஸ்டமர் இருக்கும்போது வந்து நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுப் போ என்று கூப்பிட்டார். பிரியாணி வாங்கித் தருவதாகவும் பேச்சு. என்னையும் இட்டுக்கொண்டு அண்ணன் போனார். பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"பாய், மொத்தமும் டுபாக்கூரு."

"யோவ், கஸ்டமர் நிக்கிறாங்கய்யா!" என்று பாய் பல்லைக் கடித்தார்.

"அவுங்க நிக்கிறாங்க பாய். உன் ஆளுங்கதான் நிக்க மாட்றாங்க."

பிரியாணி போயிற்று. ஆனால் பாய் லேசுப்பட்ட ஆளா? அடுத்த வாரம் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'ஸ்டெடி பார்த்து உறுதி செய்த சுத்தமான டூப்ளிகேட்.' சரக்கு மளமளவென்று விற்றுத் தீர்ந்தது. போலியென்று ஸ்டெடியே சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று இருக்காது என்று ஜனங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மற்றவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கறார் என்று நினைக்க வேண்டாம். அவருடைய பலகைகளில் நடுநாயகமாக நின்றவர் கமாண்டர் வெக்ரா. வெள்ளிக் கவசம், ஊதா மேலங்கி. அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது கமாண்டரிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார். ஒரு நாள் தூசு தட்டும்போது இடது தோளில் ஏதோ சந்தேகம். கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அந்தக் கை வேறொரு ஆளுடையது. யாரோ ஒட்டி விற்றிருக்கிறார்கள். அண்ணன் தன் கையாலேயே கமாண்டரை எடுத்துக் கீழ்ப் பலகையில் போலிகளோடு வைத்துவிட்டு, மறுநாள் ஆபீசுக்கு வரவில்லை. "வூட்ல ஒரு துக்கம்" என்று மட்டும் போனில் சொல்லியிருக்கிறார். முதலாளி பதறிப்போய் மாலை வாங்கிக் கொடுத்து ஆள் அனுப்பினார். மாலையோடு போன ஆள் நான்தான்.

வாசலில் விஜயா அக்கா மாலையைப் பார்த்துவிட்டு அலறினாள். "இன்னாடா இது? எவன் செத்தான் எங்க வூட்ல?"

மாடியில் அண்ணன் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்தார். மாலையைப் பார்த்துக் கண் கலங்கி, "முதலாளிக்கு நல்ல மன்சு மாமு" என்றார். அந்த மாலையை விஜயா அக்கா வாங்கி, வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டிக்குப் போட்டாள். அது சாமந்தியையெல்லாம் தின்றுவிட்டது.

இந்த நேர்மையால் அண்ணனுக்கு நடக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம். வயது முப்பத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் மாடி ஏறுவார்கள், பலகைகளைப் பார்ப்பார்கள், பேசாமல் இறங்குவார்கள். பொம்மை வைத்து விளையாடுகிறவனுக்கா பெண் கொடுப்பது? ஒரு வீட்டில் அண்ணன் பெண்ணின் தம்பி வைத்திருந்த ஆளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தலைய மாத்திகீறாங்க, பழைய கழுத்து" என்று சொல்லப்போய் அந்தச் சம்பந்தமும் கழுத்தறுந்து போயிற்று. விஜயா அக்கா வேண்டாத சாமியில்லை. தம்பியை ஒரு துணையோடு பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. "எனக்கப்பால இவனுக்கு யாருடா சோறு போடுவாங்க? அந்த கமாண்டரா போடுவான்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் புலம்புவாள்.

கடைசியில் திருவொற்றியூரில் ஒரு இடம் வந்தது. பெண் பெயர் கஸ்தூரி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளில் தையல் விட்டதைக் கண்டுபிடித்து ஒதுக்குவது. கப்பலில் வேலை பார்த்த அப்பா காலமாகிச் சில வருடம் ஆயிற்று. அம்மாவும் தாய்மாமனும்தான். அவளுக்கும் வயது கூடிக்கொண்டு போனதால் அவர்களும் அதிகம் விசாரிக்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் இனி வரன் பார்க்கப்போவதில்லை என்று விஜயா அக்கா சத்தியம் செய்திருந்தாள்.

ஞாயிறு காலை ஆட்டோவில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நடுவில். அக்கா வழி நெடுகப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள்.

"தோ பாரு தம்பி. பொம்மன்ற வார்த்தையே உன் வாய்ல வரக்கூடாது."

"நா என்னிக்கிக்கா பொம்மன்னு சொல்லிகீறேன்?"

"ஆளுன்னும் சொல்லக்கூடாது! கம்முனு குந்து, காபி குடி, பொண்ண பாரு, எய்ந்து வா. சத்தியம் பண்ணு."

பண்ணினார். சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை அக்கா பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீடு திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு ஒரு தெரு உள்ளே. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் ரோடு நெரிசலுக்குப் பயந்து அந்தத் தெருவில் புகுந்து போகும். கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். எதிரே கண்ணாடி ஷோகேஸ். பிளாஸ்டிக் ரோஜா, பித்தளைக் கப்பல், கரடிக் குட்டி, பள்ளிக்கூடத்தில் வாங்கின கோப்பை. நடுத்தட்டில் சிவப்புக் கவசம் போட்ட ஒரு ஆள்.

அண்ணனின் முதுகு விறைத்ததை நான் பக்கத்திலிருந்தே உணர்ந்தேன். அந்தச் சிவப்புக் கவசச் சிப்பாயை அவர் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில் படமாக மட்டும் பார்த்திருக்கிறார். பர்ஸில் அந்தப் படத்தை வெட்டி வைத்திருந்தார். ஊரில் ஒருவரிடமும் கிடையாது என்று ஆயிரம் தடவை எங்களிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டிருக்கிறார். நான் அவர் தொடையைக் கிள்ளினேன். அது யாருடைய தொடையோ மாதிரி இருந்தது.

கஸ்தூரி காபி கொண்டுவந்தாள். அண்ணன் டம்ளரை வாங்கினார். பார்வை ஷோகேஸை விட்டு நகரவில்லை. கஸ்தூரி உட்கார்ந்தாள். நகரவில்லை. தாய்மாமன் சம்பளம் கேட்டார், அக்கா பதில் சொன்னாள். கம்பெனி கேட்டார், நான் பதில் சொன்னேன்.

"இன்னா, மாப்ள ஒண்ணியுமே பேசமாட்றாரு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அந்த ஆள கொஞ்சம் பாக்கலாமா?"

ஷோகேஸுக்கு மேலே மாலை போட்ட ஒரு போட்டோ. தாய்மாமன் முகம் இளகியது. "அவுருதாம்பா பொண்ணோட அப்பா. தவறிட்டாரு. நல்ல மன்சன்."

"அவுரு இல்ல. கீய நிக்கிறாரே, அவுரு."

விஜயா அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கஸ்தூரிதான் எழுந்தாள். ஷோகேஸைத் திறந்து, சிப்பாயை எடுத்துவந்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவுரு ஜப்பான்ல இருந்து வாங்கியாந்தது" என்றாள் அம்மா பெருமையாக. "இவ சின்னப் பொண்ணா இருக்க சொல்ல, எதிர் வூட்டு டிவியில பாத்துட்டு இத்துதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அடுத்த கப்பல்ல போய் ஜப்பான்லயே வாங்கியாந்தாரு. நாங்க யாரையும் தொட வுட்டதில்ல."

அண்ணன் முகர்ந்தார். வெளிச்சத்தில் திருப்பினார். முட்டியைக் காதில் வைத்தார். அக்காவின் உதடுகள் மட்டும் 'நல்லா கீதுன்னு சொல்லு, நல்லா கீதுன்னு சொல்லு' என்று சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. நானும் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு பொய், அண்ணே. உங்களுக்காக வேண்டாம், அந்த அக்காவுக்காக.

"டுபாக்கூரு" என்றார் அண்ணன்.

தாய்மாமன் எழுந்து நின்றுவிட்டார். "யார் வூட்ல வந்து இன்னா பேசுற? செத்தவர பொய்காரன்றியா?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு செருப்பைத் தேட ஆரம்பித்தாள். நானும் எழுந்தேன். அண்ணன் மட்டும் எழவில்லை.

கஸ்தூரி மாமனைக் கையமர்த்தினாள். அவள் முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"எங்க கம்பெனில ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணா காரணம் சொல்லணும். சொல்லுங்க."

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் வெளியே போ என்றிருப்பாள். காரணம் கேட்டவர்கள் யாரையும் அண்ணன் அதுவரை பார்த்ததில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தீர்ப்பு மட்டும் போதும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆபீசில் சரக்கு விவரம் சொல்வதைப் போலச் சொன்னார். பிளாஸ்டிக் வாடை சரியில்லை. தலைக்கவசத்தில் அச்சு சேர்ந்த கோடு கயிறு மாதிரி தடித்திருக்கிறது. மார்பில் இருக்கும் நட்சத்திரம் வலது பக்கம் வரவேண்டும், இடது பக்கம் இருக்கிறது. ஜப்பானைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஆள். எந்தத் துறைமுகத்துப் பிளாட்பாரமோ தெரியவில்லை. கஸ்தூரி ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

பேசிக்கொண்டே போன அண்ணன் சிப்பாயைத் தலைகீழாகத் திருப்பினார். பேச்சு நின்றது.

"க்கா, கண்ணாடி."

அக்கா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் எழுந்து வாசற்படிக்குப் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். பாதத்தைப் பார்த்தார். கணுக்காலை மடக்கினார். மறுபடியும் பார்த்தார். நாங்கள் எல்லாரும், கோபமாக இருந்த தாய்மாமன் உட்பட, அவர் பின்னால் போய் நின்றோம்.

"அப்பாவுக்கு கப்பல்ல இன்னா வேலை?"

"இன்ஜின் ரூம்ல. ஃபிட்டரு" என்றாள் கஸ்தூரி.

"இந்த மாதிரி டூப்புக்கு கணுக்காலே கெடையாது. முட்டிக்குக் கீய ஒரே வார்ப்பு. நிக்க வச்சா உடனே வியும். இத்த வாங்கிகினு கப்பலுக்குப் போனப்பாலதான் அவுருக்கு தெரிஞ்சிகீது, இது நிக்காதுன்னு." அண்ணன் கண்ணாடியைக் கணுக்காலுக்குக் கொண்டுபோனார். "ரெண்டு காலையும் அறுத்துகீறாரு. பித்தள கம்பிய கடைஞ்சி, பின்னு போட்டு, கணுக்கால் செஞ்சிகீறாரு. பாதத்துக்குள்ள ஈயம் ஊத்தி, அரம் போட்டு தேச்சி, மேல சேப்பு பெயின்ட் அடிச்சிகீறாரு. இத்தினூண்டு கால்ல. ஆடுற கப்பல்ல குந்திகினு."

அவர் சிப்பாயை வாசற்படியில் ஒற்றைக் காலில் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு டிரெய்லர் திரும்பியது. இரட்டைக் கன்டெய்னர் ஏற்றினது. அது வருவதற்குள்ளேயே தரை அதிர ஆரம்பித்தது. உள்ளே ஷோகேஸ் கண்ணாடி கடகடவென்றது. கரடிக் குட்டி விழுந்தது, கோப்பை விழுந்தது. லாரி எங்கள் முகத்தில் புழுதியை அடித்துக்கொண்டு வீட்டை உரசாத குறையாகப் போயிற்று. புழுதி அடங்கினபோது சிப்பாய் அதே ஒற்றைக் காலில், துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, நின்றுகொண்டிருந்தான். நான் பார்த்த எத்தனையோ கூட்ஸ் வண்டிகளில் ஒன்றுக்குக்கூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

அண்ணன் வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாதான் பேசினாள். "மத்ததெல்லாம் தெனம் வியும். இது மட்டும் இத்தினி வருசத்துல ஒரு நாளு வியல. ஜப்பான் சாமான்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்." திரும்பி உள்ளே இருந்த போட்டோவைப் பார்த்தாள். "அந்த ட்ரிப்புல வெரல்ல கட்டோட வந்தாரு. இன்னாய்யான்னு கேட்டா, கதவு நசுக்கிச்சுன்னு சொன்னாரு."

"வாங்குன எடத்த பத்தி பீலா வுட்டுகீறாரு மா" என்றார் அண்ணன். "ஆனா இந்த கால் கீது பாருங்க, இத்த ஜப்பான்காரன் செய்யமாட்டான். அவனுக்கு கஸ்தூரி யாருன்னு தெரியாது."

கஸ்தூரி அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், சிப்பாயின் பாதத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே அழுதாள். தாய்மாமன் எங்களைப் பார்த்து, "உள்ள வாங்கப்பா, காபி ஆறிப்போச்சு, வேற போட சொல்றேன்" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் விஜயா அக்கா தம்பியைத் திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டு வந்தாள். கடைசியில், "அதெல்லாம் கெடக்கட்டும், பொண்ணு எப்படிடா கீது?" என்று கேட்டாள்.

அண்ணன் திடுக்கிட்டார். நினைவுபடுத்திப் பார்க்கிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார். "மூஞ்சிய சரியா பாக்கலக்கா. ஆனா ஆள எடுத்துகினு வரும்போது இடுப்புல புடிச்சி எடுத்துகினு வந்துச்சு. தலைய புடிக்கல, கைய புடிக்கல. யாரும் அதுக்கு சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க." ஆட்டோ சிக்னலில் நின்றது. "எனக்கு புடிச்சிகீது."

அடுத்த நாள் ஆபீசுக்குத் தாய்மாமன் போன் பண்ணினார். எடுத்தது நான். பெண்ணுக்குச் சம்மதம், அம்மாவுக்குச் சம்மதம், தேதி பார்க்கலாம் என்றார். வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஒண்ணே ஒண்ணு. மாப்ள எங்க பொண்ண ஒருவாட்டியாவது பாத்தாரான்னு கேட்டு சொல்லு. அது கேட்டுகினே கீது" என்றார்.

இப்போது பில் டைப் அடிப்பதை விட்டுவிட்டுப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் நான். யார் மனமும் நோகாமல் நாலு நல்ல வார்த்தை சொல்வதுதான் என் தொழில். அன்றைக்கு அண்ணன் இடத்தில் உட்கார்ந்திருந்தால், "அசல் ஜப்பான் சரக்கும்மா" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக எழுந்து வந்திருப்பேன். எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஒரு ஃபிட்டர் நடுக்கடலில் தன் பெண்ணுக்காகச் செய்த கால், அந்தக் கண்ணாடிக்குள் யாருக்கும் தெரியாமலே நின்றிருக்கும்.

அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஸ்டெடி அண்ணனைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. இந்த ஞாயிறு கொருக்குப்பேட்டைக்குப் போகப்போகிறேன். காட்டுவதற்கு என்னிடம் ஆள் எதுவும் இல்லை. அவரைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.